எதிர் வரிசை, பதினேழாம் இருக்கை

போன வாரம் இவளைச் சமையலறையில், கையில் இரண்டு ஜெராக்ஸ் தாள்களோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் இடையில் நடந்த ஒரே மாற்றம்.

"சங்கிலி! பால்!"

மாமியாரின் குரல். சங்கிலி என்பது அவள் பெயரில்லை. நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிற மருமகள் என்பதால் கல்யாணமான புதிதில் மாமியார் வைத்த செல்லப்பெயர். இப்போதெல்லாம் யாரும் சங்கிலி போட்டு நிலத்தை அளப்பதில்லை, எல்லாம் கருவிதான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுப்பை அணைத்தாள். தாள்களை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வாசலில் ஹாரன் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டு ஹாரன்கள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு.

"அம்மா, தெருவுல ஏழு பஸ்ஸு நிக்குது!" என்று கணவன் மாடியிலிருந்து கத்தினான். பல் டாக்டர். வாய்க்குள் பிரஷ் இருந்தது. "ராத்திரி ஷிப்டு முடிஞ்சவங்க அப்படியே வண்டியோட வந்துட்டாங்க. ஒரு ஆம்புலன்ஸ் வந்தா என்ன ஆகும்?"

"ஆம்புலன்ஸ் வந்தா ஏழும் நகரும். என் டிரைவருங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நீ மொதல்ல வாயக் கொப்பளி."

மாமியார் பேரவை உறுப்பினராகி முப்பத்தொரு வருடம். ஏழு தேர்தல். தொகுதியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அவரை 'பஸ்ஸம்மா' என்றுதான் சொல்லும். பஸ் போகாத இடத்துக்கெல்லாம் பஸ் விட வைத்தவர். இன்றோடு சரி. இனிமேல் தேர்தலில் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவையில் அவருக்கு விடை உரை. ஒரு மணிக்கு அவை கலையும். அதற்குப் பிறகு அவர் உறுப்பினரல்ல, நம்மைப் போல ஒருவர்.

வீடு கொள்ளாத கூட்டம். மாலைக்குப் பதிலாக ஒரு கண்டக்டர் பழைய விசிலைப் பட்டு நாடாவில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாமியார் ஒரு முறை ஊத, தெருவே சிரித்தது. சங்கிலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடந்த அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆறு வருடத்துக்கு முன் அவையில் ஓர் உறுப்பினர் எழுந்து, மாமியாரைக் காட்டி, "புது டிப்போவை ஊரின் அந்த மூலைக்குக் கொண்டுபோனதே, பக்கத்தில் இருக்கிற இவருடைய அண்ணனின் நிலத்துக்கு விலை ஏறத்தான்" என்றார். அந்த ஒரு வரி அவைப் பதிவில் ஏறியது. மறுவாரமே மாமியார் பத்திரத்தின் நகலை மேஜையில் வைத்தார். அண்ணனுக்கு அங்கே ஒரு முழம் நிலம்கூட இல்லை. ஆனால் நகல் வேறு, பதிவு வேறு. குற்றம் சாட்டியவரே அவையில் எழுந்து, எதை வைத்துச் சொன்னேன், எங்கே தவறினேன் என்று சொல்லித் திரும்பப் பெற்றால்தான் அந்த வரி போகும். அதுவும், குற்றம் சாட்டப்பட்டவர் உறுப்பினராக இருக்கும் வரைதான்.

அண்ணன் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். கடைத்தெருவில் நாலு பேர் "என்ன சார், நிலம் என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டதோடு தங்கை வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார். ஆறு வருடமாக ஒரு போன்கூட இல்லை.

அந்த வரியைச் சொன்ன உறுப்பினர் வேறு யாருமில்லை. எதிர்க்கட்சிக்காரர், மாமியாருக்கு நேர் எதிரே உட்காருகிறவர், சம்பந்தி. சங்கிலியின் அப்பா.

அவருக்கு அந்தத் தகவலைச் சொன்னவள் சங்கிலி.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சும்மா கேட்டார். "டிப்போவுக்குப் பக்கத்துல இருநூத்திப் பதினாலாம் நம்பர் நிலம் யாருதும்மா?" இவளும் சும்மாதான் சொன்னாள். "அத்தையோட அண்ணனுதுப்பா. ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கிற படத்துல தினம் பாக்கறேனே." சுவரில் மாட்டியிருந்தது பழைய படம். மறு அளவை முடிந்து எண்களெல்லாம் மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதிய படம் அலமாரியில் குழாய்க்குள் சுருண்டு கிடந்தது. சுவரில் இருப்பது பழசு என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருடைய கண்ணும் சுவருக்குத்தான் போகும்.

மாமியார் பத்திர நகலை மேஜையில் வைத்த அன்றே அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள். அன்றைக்கு மூடியதுதான்.

போன வாரம் கணவன் தன் அம்மாவிடம் கேட்டான். "கடைசி நாளைக்கு உனக்கு என்னம்மா வேணும்? வாட்சா, மோதிரமா?" மாமியார் யோசிக்கவே இல்லை. "அந்த ஒரு வரி போகணும்டா. மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு."

சங்கிலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியாரின் அறைக்குள் நுழைந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு பக்க ஏற்புரை. விளிம்பெல்லாம் திருத்தம்.

"அத்தை, ஒரு நிமிஷம்."

"சொல்லு. 'நன்றி'ங்கிற வார்த்தை ஒன்பது தடவை வந்திருக்கு. பிச்சைக்காரி மாதிரி இருக்கு, இல்ல?"

"அத்தை, ஆறு வருஷத்துக்கு முன்னால..."

கதவு திறந்தது. கேமராவோடு மூன்று பேர். "மேடம், ஒரே ஒரு பைட், ரெண்டே வார்த்தை!"

"போயிட்டு வந்து பேசலாம்டி" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு மாமியார் எழுந்தார்.

"வந்து பேசினா லேட்டாயிடும், அத்தை."

"எதுக்கு லேட்டு?"

அவள் பதில் சொல்வதற்குள் கேமராவின் வெளிச்சம் அறையை நிறைத்தது. அந்த வெளிச்சத்தில் மாமியார் பத்து வயது குறைந்தவரைப் போலிருந்தார்.

அப்பாவைப் பார்க்கக் கணவனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். நேற்றுச் சாயங்காலமே அவனிடம் சொல்லிவிட்டாள். அப்போதிலிருந்து எல்லோரிடமும் ஜோக்கடிக்கிறான், இவளிடம் மட்டும் இல்லை. சிக்னலில் நின்றபோது முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும். எங்கம்மாகிட்டயும் நீதான். நான் வண்டி ஓட்டுறேன். அதுக்கு மேல இப்ப என்னால முடியல."

"அது போதும்."

"போதாது. தெரியும். ஆனா அவ்வளவுதான் இருக்கு."

பச்சை விழுந்தது.

அப்பாவுக்கு அவையில் 'ஒழுங்குப் பிரச்சினை' என்று பெயர். யார் எதைப் பேசினாலும் நடுவில் எழுந்து, விதி மீறப்பட்டதாக, "ஒழுங்குப் பிரச்சினை!" என்று கையைத் தூக்குவார். இவர்கள் கல்யாண வரவேற்பில் போட்டோ எடுக்கும்போதுகூட, "ஒழுங்குப் பிரச்சினை, மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு பேர் அதிகமா நிக்கறாங்க" என்றவர்.

உறுப்பினர் குடியிருப்பில் அவருடைய கதவு திறந்தே கிடந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். கோட்டு மேலே, கைலி கீழே. கையில் தாள். பக்கத்தில் முட்டை வேகவைக்க வைத்துக்கொள்கிற சின்ன அலாரம், ஐந்து நிமிடத்துக்கு முடுக்கிவிட்டது, டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. விடைபெறுகிறவரைப் பற்றி அவருடைய சொந்தக் கட்சிக்காரர் யாரும் பேசக் கூடாது. நேர் எதிரே, அதே எண்ணுள்ள இருக்கையில் உட்காருகிறவர்தான் பேச வேண்டும். ஐந்தே நிமிடம். இந்தப் பக்கம் பதினேழு மாமியார். அந்தப் பக்கம் பதினேழு அப்பா.

"வாம்மா, வா! சரியான நேரத்துக்கு வந்த. உட்காரு. பதினோராவது தடவையா எழுதியிருக்கேன், கேளு. அந்த நாலு நாப்பது பஸ்ஸை எங்க வைக்கறதுன்னுதான் புரியல, நடுவுலயா, கடைசியிலயா?" முகம் பரீட்சைக்குப் போகிற பையனைப் போல மின்னியது. "அந்தம்மாவைத் திட்டறதுக்கு நான் இவ்வளவு கஷ்டப்பட்டதே இல்ல. பாராட்டறது எவ்வளவு வேலைங்கற!"

"அப்பா."

"இரு, மொத வரிய மட்டும்..."

"அப்பா, அந்த இருநூத்திப் பதினாலு அவங்க அண்ணனுது இல்ல."

தாளிலிருந்து நிமிர்ந்தார்.

அவள் கைப்பையைத் திறந்தாள். இரண்டு தாள்களையும் கட்டிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். விரல் வைத்துக் காட்டினாள். பழைய படத்தில் இருநூற்றுப் பதினாலு இங்கே, வாய்க்கால் ஓரம், அண்ணனுடையது. புதிய படத்தில் இருநூற்றுப் பதினாலு வேறு இடம். டிப்போவுக்குப் பக்கத்தில் இருப்பது இந்தப் புதிய எண்தான், அது அரசாங்கப் புறம்போக்கு. அண்ணனுடைய நிலம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இப்போது வேறு எண்ணில். வேலையில் பேசுகிற குரலிலேயே சொன்னாள். அந்தக் குரலை விட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

"எப்ப தெரியும்?"

"அவங்க நகலை வெச்ச அன்னைக்கே."

அப்பா கட்டிலில் கிடந்த தாள்களையே பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தகரத்தில் விழும் சத்தம் மட்டும். ஒரு மனிதர் ஆறு வருடத்தைப் பின்னோக்கி நடந்து போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்திரத்தைப் பொய் என்று நினைத்தது, சம்பந்தியம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது, நண்பர்களிடம், "காகிதம் யாரு வேணும்னாலும் போடலாம்யா, எனக்குத் தகவல் வந்த இடம் அப்படி" என்று மார்தட்டியது. ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயிற்று.

அலாரம் கிணுகிணுத்தது. இருவருமே திடுக்கிட்டார்கள்.

"ஏம்மா சொல்லல?"

"மொதல்ல வேலை போயிடும்னு பயந்தேன். அப்புறம் அத்தைக்குப் பயந்தேன். அப்புறம்... இத்தனை நாள் சொல்லலையேங்கறதுக்கே பயந்தேன்."

"சரி." நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி. நானே மேப்பைத் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லி வாபஸ் வாங்கிடறேன்."

"பொய் சொல்லுவீங்களா? அவையிலயா?"

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப அவங்களுக்குக் கடைசி நாள்ல கிடைக்கப்போறது இன்னொரு பொய்யா? வேணாம்பா. என் பேரைச் சொல்லுங்க."

"நாளைக்கு உன் ஆபீசர் பேப்பர்ல படிப்பாரு. அந்தம்மா முகத்துல நீ முழிக்கணும். அந்த வீட்டுல நீ இருக்கணும்." குரல் உடைந்தது. "எழுபத்தி ஒரு வயசுல என் பொண்ணை அத்தனை பேருக்கு முன்னால நிறுத்தச் சொல்றியா? போம்மா. நீ போ. நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பீங்க?"

அவர் திரும்பிக்கொண்டார். அலாரத்தை எடுத்து மறுபடியும் ஐந்துக்குத் திருப்பினார். வாசிக்கவில்லை. அது ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் மாடம் பத்தரைக்கே நிரம்பிவிட்டது. டிரைவர்கள், கண்டக்டர்கள், நர்சுகள், யூனிபாரத்தோடு டிப்போ மெக்கானிக்குகள். உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் காவலாளியம்மா ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் வெளியே.

"இருமலாமா?" என்றார் ஒரு டிரைவர்.

"ஒரு தடவை."

முன்வரிசையில் சங்கிலி உட்கார்ந்தாள். கணவன் பக்கத்தில். கீழே பச்சைத் தோல் இருக்கைகள், நடுவில் நீண்ட மேஜை. மாமியார் உள்ளே வந்ததும் இரு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் மரத்தின் வழியாக ஏறி மாடத்தில் கால் விரல்களில் அதிர்ந்தது. டிரைவர்கள் வரிசையில் ஒருவர் தன் அனுமதிக்கப்பட்ட இருமலை இருமினார். சந்தோஷத்தில்தான்.

பன்னிரண்டு அடித்தது.

"எதிர் வரிசை, பதினேழாம் இருக்கை" என்றார் பேரவைத் தலைவர். வாயில் இருமல் மிட்டாய். "ஐந்து நிமிடம். ஒழுங்குப் பிரச்சினை இல்லாமல்."

சிரிப்பு. அப்பா எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த அம்மாவை நான் பன்னிரண்டு வருஷமா எதிர்ல பாத்துட்டிருக்கேன். என் வீட்டுச் சுவரைக்கூட இத்தனை மணி நேரம் பாத்ததில்ல. இவங்க பேசும்போது மட்டும் நூத்தி நாப்பத்திமூணு தடவை ஒழுங்குப் பிரச்சினை எழுப்பியிருக்கேன். அதுல நூத்தி நாப்பது தடவை நீங்க தள்ளுபடி பண்ணியிருக்கீங்க."

"நூற்று நாற்பத்தி ஒன்று" என்றார் தலைவர்.

மேஜைகள் அதிர்ந்தன. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது மேலிருந்து தெரிந்தது.

"காலையில நாலு நாப்பதுக்கு ஒரு பஸ் வேணும்னு இவங்க கேட்டாங்க. அந்த நேரத்துல யாரு ஏறுவா, காலி பஸ்ஸை ஓட்டி விளையாடறதுக்கு அரசாங்கம் என்ன பொம்மைக் கடையான்னு நான் கேட்டேன். நல்லா கைதட்டு வாங்கினேன். இவங்க பதிலே சொல்லல. சோதனைக்குன்னு ஒரு மாசம் அந்த வண்டிய வாங்கி, முப்பது நாளும் அதுலயே போனாங்க. யாரு ஏறினாங்கன்னு எழுதிட்டு வந்து இங்க படிச்சாங்க. ஆஸ்பத்திரியில கூட்டற பொம்பளைங்க பத்தொன்பது பேரு. பேக்கரி ஆளுங்க நாலு பேரு. பரீட்சைக்குப் போற பொண்ணு ஒருத்தி. எனக்கு நம்பிக்கை இல்ல. யாருக்கும் சொல்லாம நானே ஒரு நாள் போய் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கல தலைவர் அவர்களே. கடைசி வரைக்கும் நின்னுட்டே போனேன். அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. இந்தம்மாவைத் தோற்கடிக்கணும்னா இவங்களுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். அது இந்த ஜென்மத்துல நடக்காது."

மாடத்தில் நர்சுகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கைதட்ட முடியாத கைகள் வேறென்ன செய்யும்? சங்கிலி முன்னால் குனிந்து கேட்டாள். எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்! எவ்வளவு மதிக்கிறார்! இத்தனை மதிப்பையும் ஆறு வருடமாகப் பூட்டி வைத்த பூட்டு நான்தான்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு நிமிடம்.

அப்பா தாளைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். மூடினார்.

சிவப்பு விளக்கு.

"நன்றி, தலைவர் அவர்களே" என்றார். குரல் சட்டென்று தேய்ந்திருந்தது. தாளை மடித்தார். உட்காருவதற்காக இருக்கையின் கையைப் பிடித்தார்.

சங்கிலி எழுந்து நின்றாள்.

"அம்மா, உட்காருங்க" என்று காவலாளியம்மா விரைந்து வந்தார். "உட்காருங்கம்மா, நிக்கக் கூடாது."

அவள் உட்காரவில்லை. பேசவுமில்லை. மாடத்தின் பித்தளைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே அப்பாவையே பார்த்தாள். கணவன் அவளைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. தன் காலை ஒடுக்கிக்கொண்டு காவலாளியம்மாவின் வழியை மறித்தான். நேற்றிலிருந்து அவன் அவளுக்காகச் செய்த இரண்டாவது காரியம் அது.

கீழே ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. மாமியாரும் நிமிர்ந்தார்.

பாதி உட்கார்ந்த அப்பா அப்படியே நின்றார். எத்தனை நேரம் என்று சொல்ல முடியாது. பத்து விநாடி இருக்கலாம். சுருக்கெழுத்தாளரின் பேனா நின்றுவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

பிறகு கை மேலே போயிற்று.

"ஒழுங்குப் பிரச்சினை, தலைவர் அவர்களே."

"யார் மீது?" என்றார் தலைவர், அலுப்போடு.

"என் மேல."

யாரும் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னால, டிப்போ விவாதத்துல, இந்த உறுப்பினரோட அண்ணன் நிலத்தைப் பத்தி நான் ஒரு குற்றச்சாட்டுச் சொன்னேன். அது தப்பு. திரும்ப வாங்கிக்கறேன்."

"எதை வைத்துச் சொன்னீர்கள் என்று உறுப்பினர் சொல்ல வேண்டும்."

அப்பா மாடத்தைப் பார்த்தார். அவள், சொல்லுங்கள் என்று தலையை அசைத்தாள்.

"நில அளவையில வேலை பாக்கற என் மகள் சொன்னதை வெச்சு. அதோ நிக்கறா. இந்த உறுப்பினரோட மருமகள். பழைய படத்தைப் பாத்து எனக்குச் சொல்லிட்டா. அது தப்புன்னு மறுவாரமே அவளுக்குத் தெரிஞ்சுது. சொல்லல. எனக்குத் தெரிஞ்சது இன்னைக்குக் காலையில. ஆனா புதுப் படம் ஒண்ணு இருக்கான்னு கேக்கறது என் வேலை. அதை நான் செய்யல. உறுப்பினர்கிட்டயும் அவங்க அண்ணன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

உட்கார்ந்தார்.

"குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது, பதிவிலிருந்து நீக்கப்படுகிறது" என்றார் தலைவர். மிட்டாயை வாயின் இன்னொரு பக்கம் ஒதுக்கினார். "இன்னொன்று. அவைக்கு வெளியே உள்ள ஒருவரைப் பற்றி இப்போது சொல்லப்பட்டதை, சம்பந்தப்பட்ட உறுப்பினர் கேட்டுக்கொண்டால் நீக்கிவிடலாம். முடிவு உங்களுடையது, அம்மா. ஏற்புரையும் இப்போதே."

மாமியார் எழுந்தார்.

இரண்டு பக்க ஏற்புரை கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. மாடத்தைத்தான் பார்த்தார். பத்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவளை, தன் காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, காலையில் தான் கன்னம் தட்டிய அதே முகத்தை. அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று சங்கிலி தேடினாள். கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது. அங்கே இருந்தது வேறு. புதிதாகச் சந்திக்கும் ஒருவரைப் பார்ப்பது போல, கவனமாக, அவசரமில்லாமல்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். 

"நீக்க வேணாம், தலைவர் அவர்களே" என்றார் மாமியார். குரல் தெளிவாக இருந்தது. "என் மருமகள் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தது பதிவுல இருக்கட்டும். இன்னைக்கு எழுந்து நின்னதும் இருக்கட்டும். ரெண்டுல ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு பொய்யாயிடும்."

கையிலிருந்த தாள்களை மடித்தார்.

"ஏற்புரை ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். இதுக்கு மேல அதைப் படிச்சா நல்லாயிருக்காது. முப்பத்தொரு வருஷமா வழி கேட்டேன், வழி விட்டீங்க. சில சமயம் சண்டை போட்டுக்கிட்டு விட்டீங்க. வணக்கம்."

முதலில் தட்டியது எதிர் வரிசை. எந்த இருக்கை என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவை முழுவதும். பிறகு, நடக்கக் கூடாதது நடந்தது. மாடத்தில் மெக்கானிக் ஒருவர் எழுந்தார். நர்சுகள் எழுந்தார்கள். நாலு வரிசையும் எழுந்தது. காவலாளியம்மா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். இத்தனை பேரை எப்படி வெளியேற்றுவது? கடைசியில் அவரும் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றுவிட்டார்.

ஒரு மணிக்கு அவை கலைந்தது.

முகப்புப் படிகளில் வெயில் பளீரென்று அடித்தது. சாலையில் ஏழு பஸ்களும் காத்திருந்தன, முன் கண்ணாடிகளில் பூக்கள். கூட்டம் ஆரவாரித்தது. சங்கிலி ஒரு தூணோரம் நின்றாள். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அப்பா நாலு படி கீழே நின்றார். ஏறி வர அவருக்கும் தைரியம் வரவில்லை.

மாமியார் வெளியே வந்தார். லாக்கரில் வைத்திருந்த போனை வாங்கிக்கொண்டு, நடந்தபடியே எதையோ அழுத்தினார். கூட்டத்தின் கைகளை விலக்கி, நேராகத் தூணுக்கு வந்தார்.

"அத்தை..."

"என்கிட்ட அப்புறம் பேசு. எனக்கு இன்னும் நேரம் வேணும். எத்தனை நாள்னு எனக்கே தெரியல." போனை அவள் கையில் வைத்தார். ஏற்கனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் 'அண்ணன்' என்றிருந்தது. "மொதல்ல இவருகிட்ட பேசு. பதிவுல இருக்கறதை எல்லாம் இவரு படிக்க மாட்டாரு. யாராவது வாயால சொல்லணும். நீ சொல்லு."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கற வரைக்கும் அடி."

மாமியார் திரும்பிப் படியிறங்கினார். சம்பந்தியைக் கடக்கும்போது ஒரு விநாடி நின்று, "நாலு நாப்பது பஸ்ஸை நடுவுல வெச்சது நல்லாயிருந்துச்சு" என்றார். இருவருக்கும் இடையில் தலைவர் இல்லாமல் ஆறு வருடத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு. அப்பா பதில் தேடுவதற்குள் கூட்டம் மாமியாரை அள்ளிக்கொண்டு போயிற்று. ஏழு ஹாரன்களும் ஒன்றாக அலறின.

சங்கிலி ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினாள். போன் அடித்தது. அடித்தது. நின்றது. மறுபடியும் அழுத்தினாள். கணவன் கொஞ்சம் தள்ளி, ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு, போகாமல் நின்றான்.

மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

ஒரு மூச்சு. பிறகு வயதான, எச்சரிக்கையான ஓர் ஆண் குரல்.

"யாரு பேசறது?"

அவள் சொன்னாள்.